கன்சல்டிங்கில் மேனேஜருக்கு மேலே போக எந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள்?

பாயான்பாரு வாசி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு, பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றின் ஐடி பிரிவில் 11 ஆண்டு அனுபவம். நிறுவன நிர்வாக மென்பொருளான எஸ்.ஏ.பி-யில் சரக்கு, உற்பத்தித் திட்டம் இரண்டும் தெரியும். கோலாலம்பூரில் ஒரு கன்சல்டிங் நிறுவனம் மேனேஜர் வேலைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

மூன்று சந்தேகம். கடிதத்தில் "சார்ஜபிலிட்டி 70 விழுக்காடு" என்று ஒரு வரி இருக்கிறது. அது நடைமுறையில் எத்தனை நாள்? மேனேஜரை சீனியர் மேனேஜர், டைரக்டர் என்று உயர்த்தும்போது உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்? எம்பிஏ இல்லாமல் மேலே போக முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

செந்தூல்காரர்

தம்பி, சார்ஜபிலிட்டி என்பது வாடிக்கையாளருக்குக் கட்டணமாக எழுதும் நாட்களின் பங்கு. அந்த 70-க்குப் பக்கத்தில் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது: எதில் 70? அதை முதலில் கேளுங்கள்.

வாரம் 5 நாள், 52 வாரம், மொத்தம் 260 நாள். பொது விடுமுறை 14, ஆண்டு விடுப்பு 18, மருத்துவ விடுப்பு 4, பயிற்சி 4 என்று வைத்துக்கொண்டால் 40 போய் 220 மிஞ்சும். 220-ல் 70 விழுக்காடு என்றால் வாடிக்கையாளர் கணக்கில் 154 நாள் எழுத வேண்டும். 260-ல் 70 என்றால் 182 நாள். இரண்டுக்கும் 28 நாள் வித்தியாசம், அதாவது ஒரு மாதத்துக்கு மேலான வேலைநாள். 182 நாள் என்பது 220-ல் கிட்டத்தட்ட 83 விழுக்காடு. அது மேனேஜருக்கு உரிய அளவு அல்ல, கன்சல்டண்டுக்கு வைக்கிற அளவு. விடுப்பைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் இடங்களில் கன்சல்டண்டுக்கு 80–85, மேனேஜருக்கு 70–75, சீனியர் மேனேஜருக்கு 55–60, டைரக்டருக்கு 30–40 என்பது பொதுவான வழக்கம். மேலே போகப் போக இந்த எண் குறைகிறது. அந்தக் குறைகிற நேரத்தில் நீங்கள் விற்கவும் வசூலிக்கவும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

அடுத்து ஓர் ஆளுக்கு என்ன செலவு என்று பார்க்கப் பழகுங்கள். உங்களுக்குக் கீழே 9,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில் ஒரு சீனியர் கன்சல்டண்ட் இருக்கிறார் என்று வைப்போம். முதலாளி செலுத்தும் ஊழியர் சேமநிதி 12 விழுக்காடு, 1,080. சொக்சோவும் (சமூகப் பாதுகாப்பு நிதி) வேலைக் காப்புறுதியும் சேர்த்து ஏறக்குறைய 116. மனிதவள நிதிக்கு 1 விழுக்காடு, 90. ஆண்டுக்கு 2 மாத போனஸ், அதற்கும் சேமநிதி, இரண்டையும் மாதத்துக்குப் பிரித்தால் 1,680. மருத்துவக் காப்புறுதி, மடிக்கணினி, லைசென்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 12,500 என்று முழுமையாக்கலாம். ஆண்டுக்கு 150,000. 220-ல் 80 விழுக்காடு 176 நாள். ஒரு நாளின் அடக்கவிலை 852 வெள்ளி.

அவரை நாளுக்கு 1,500 வெள்ளிக்கு விற்றால் 648 மிஞ்சும், மார்ஜின் 43 விழுக்காடு. அதே ஆள் 65 விழுக்காடு நாட்களில் மட்டும் வேலையில் இருந்தால் அடக்கவிலை 1,049 ஆகி மார்ஜின் 30-க்கு இறங்கும். அதோடு வாடிக்கையாளருக்கு 10 விழுக்காடு தள்ளுபடியும் கொடுத்துவிட்டால் 22. தள்ளுபடி கொடுத்தது விற்பனை டைரக்டராக இருக்கலாம், ஆள் சும்மா இருந்தது வேறொரு புரொஜெக்ட் தள்ளிப்போனதால் இருக்கலாம். பட்டியலில் அந்த 22 உங்கள் பெயருக்கு நேரே நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், விலை பேசும் கூட்டத்தில் மேனேஜரும் உட்கார வேண்டும். கூப்பிடாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

டைரக்டர் நேர்காணலில் கேட்பது பெரும்பாலும் நான்கு: ஆண்டில் எவ்வளவு வேலை கொண்டுவந்தீர்கள், எந்த மார்ஜினில் முடித்தீர்கள், பில் போட்டு எத்தனை நாளில் பணம் வந்தது, உங்கள் கையில் வளர்ந்து பதவி உயர்வு பெற்றவர்கள் யார். முதல் கேள்விக்குத் தயாராக ஒரு கணக்கு: இலக்கு 6 மில்லியன் என்றால் பேச்சுவார்த்தையில் ஏறக்குறைய 18 மில்லியன் இருக்க வேண்டும், மூன்றில் ஒன்றுதான் கைக்கு வரும். அந்த 18-ம் ஒரே வாடிக்கையாளரிடம் இருந்தால் அதைப் பாதியாக மதித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நிதி அதிகாரி மாறினால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

பிறை ஆற்றோரம்

செந்தூல் அண்ணே சொன்ன மூன்றாவது கேள்வியை, பணம் எத்தனை நாளில் வந்தது என்பதைத்தான் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல புரொஜெக்ட் மேனேஜர்கள் அங்கேதான் தேங்கிப்போகிறார்கள்.

அவர் எண்களையே எடுத்துக்கொள்வோம். 400 ஆள்-நாள், நாளுக்கு 1,500, நிலையான விலை 600,000 வெள்ளி. அடக்கம் 340,800. மிச்சம் 259,200. பணம் வரும் விதம்: வடிவமைப்பு ஆவணத்துக்குக் கையெழுத்தானதும் 20 விழுக்காடு, சிஸ்டம் கட்டி முடித்ததும் 30, பயனாளர் ஏற்புச் சோதனை, அதாவது யுஏடி, முடிந்து கையெழுத்தானதும் 30, கோ-லைவுக்கு (சிஸ்டம் நடப்புக்கு வருவதற்கு) பிறகான உதவிக் காலம், அதாவது ஹைப்பர்கேர், முடிந்ததும் 20.

இதில் யுஏடி கையெழுத்து 6 வாரம் தள்ளிப்போகிறது. 180,000 வெள்ளி உள்ளே வராது. அந்த 6 வாரமும் 4 பேர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு மாதம் 12,500 என்றால் 75,000 வெளியே போய்விடும். 43 விழுக்காடாக இருந்த மார்ஜின் 31-க்குக் கீழே வரும். ஒரு வரி கோட் கூட தவறாக எழுதப்படவில்லை. கையெழுத்து மட்டும்தான் வரவில்லை.

ஏன் வருவதில்லை? வேலை விவர ஒப்பந்தத்தில், அதாவது எஸ்.ஓ.டபிள்யூ-வில், "பயனாளர் திருப்திப்படும் வகையில்" என்று எழுதிவிட்டால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். திருப்திக்கு அளவு கிடையாது. இப்படி எழுதுங்கள்: முதல் நிலைப் பிழை பூஜ்யம், இரண்டாம் நிலைப் பிழை 3-க்கு மேற்படாமல், ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி இருக்க வேண்டும், மூன்றாம் நிலை ஹைப்பர்கேரில் திருத்தப்படும். எது முதல் நிலை என்பதற்கும் உதாரணத்தோடு விளக்கம்: "சரக்கு வெளியே அனுப்ப முடியவில்லை" முதல் நிலை, "ரிப்போர்ட்டில் நெடுவரிசைத் தலைப்பு தவறு" மூன்றாம் நிலை. கையெழுத்திடுபவரின் பதவியைக் குறிப்பிடுங்கள். அவர் 10 வேலைநாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்ற வரியையும் சேருங்கள். வாடிக்கையாளரின் வழக்கறிஞர் 10-ஐ 15 ஆக்கச் சொல்வார். ஆக்கிக்கொடுங்கள், ஆனால் அந்த வரியை எடுக்க விடாதீர்கள்.

எல்லையையும் எண்ணாகவே எழுதுங்கள். "தேவையான ரிப்போர்ட்டுகள்" வேண்டாம், "25 ரிப்போர்ட், 12 இன்டர்பேஸ், 3 சுற்று டேட்டா மைக்ரேஷன்" என்று இருக்கட்டும். 26-வது ரிப்போர்ட் கேட்டால் மாற்றக் கோரிக்கை. அதை இலவசமாகச் செய்வதாக இருந்தாலும் பூஜ்யம் வெள்ளிக்கு ஒரு கோரிக்கைப் படிவம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பத்து பூஜ்யப் படிவம் சேர்ந்த பிறகு பதினொன்றாவதுக்குக் காசு கேட்பது எளிது. காகிதம் இல்லாமல் பத்தும் செய்தவர்களுக்குப் பதினொன்றும் இலவசம்தான்.

யுஏடி தள்ளிப்போக இன்னொரு பெரிய காரணம் டேட்டா. உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். 0603 அளவு ரெசிஸ்டர், 7 அங்குல ரீல், ஒரு ரீலில் 5,000 துண்டு. ஸ்டோரில் எண்ணும்போது "40 ரீல்" என்று எழுதுவார்கள். சிஸ்டத்தில் அடிப்படை அலகு துண்டு. ஏற்றுக் கோப்பில் 40 என்றே போய்விட்டால், 200,000 துண்டு இருக்க வேண்டிய இடத்தில் 40 துண்டு நிற்கும். அன்று இரவு பொருள் தேவையைக் கணக்கிடும் எம்ஆர்பி ஓடியதும் 199,960 துண்டு குறைவாகத் தெரிந்து, விடிந்தால் பர்ச்சேஸ் பிரிவின் திரையில் வாங்கச் சொல்லிக் கோரிக்கை நிற்கும். இதைப் பிடிக்க வேண்டிய இடம், புதிய சிஸ்டத்துக்கு மாறுவதை முன்கூட்டியே செய்து பார்க்கும் ஒத்திகை கட்-ஓவர். மொத்தச் சரக்கு மதிப்பை மட்டும் பழைய சிஸ்டத்தோடு ஒப்பிட்டால் போதாது, ஏனென்றால் ஒரு ரெசிஸ்டரின் விலை ஒரு சென்னுக்கும் கீழே, மொத்தத்தில் அது காணாமல் போய்விடும். அலகுவாரியாகப் பிரித்து அளவையும் ஒப்பிட வேண்டும். பெரிய கன்சல்டிங் நிறுவனத்தின் இளைஞர்களுக்கு இது பாடப்புத்தகத்தில் வராது. தொழிற்சாலைத் தரையில் நின்ற உங்களுக்குத் தெரியும். உங்கள் விலையே அங்கேதான் இருக்கிறது.

பில் விஷயத்தில் இரண்டு. சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. 180,000-க்கு 14,400. பணம் வரும்போது கட்டினால் போதும். ஆனால் பில் தேதியிலிருந்து 12 மாதம் ஆகியும் வாடிக்கையாளர் கொடுக்காவிட்டால், மறுநாளே அந்த வரி சுங்கத்துறைக்குக் கட்ட வேண்டியதாகிவிடும். வராத பணத்துக்கு வரி கட்டுகிற நிலை அது. இரண்டாவது இ-இன்வாய்ஸ். வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் பில்லைச் சரிபார்த்த பிறகு வாங்குபவர் மறுக்கவோ நீங்கள் ரத்து செய்யவோ 72 மணி நேரம்தான். அதற்குப் பிறகு திருத்தம் வேண்டுமென்றால் கிரெடிட் நோட் போட வேண்டும். ஆகவே பர்ச்சேஸ் ஆர்டர் எண், எந்தத் தவணை, வாடிக்கையாளர் குழுமத்தில் எந்த நிறுவனத்தின் பெயருக்கு என்பதை பில் போடும் முன்பே மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குழுமத்தில் நாலைந்து செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) இருக்கும். தவறான ஒன்றின் வரி எண்ணில் பில் போனால் பணம் தர அவர்களுக்குள்ள 60 நாள் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

பாயான்பாரு வாசி

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். நாளை மனிதவளப் பிரிவிடம் 260-ஆ 220-ஆ என்று கேட்கிறேன். இன்னும் இரண்டு. எம்பிஏ கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த நிறுவனத்துக்கு வங்கி வாடிக்கையாளர்களும் உண்டு என்கிறார்கள். தொழிற்சாலை மட்டும் தெரிந்தவர் வங்கிக்குத் தாவுவது நல்லதா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி

எம்பிஏ பற்றி நான் சொல்கிறேன். இந்தத் தொழிலில் உச்சிக்குப் போனவர்களின் பாதை பொதுவில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது, அதை வரிசையாக வைத்துப் பார்த்தாலே விடை தெரியும்.

என். சந்திரசேகரன் நாமக்கல் பக்கம் மோகனூரில் பிறந்தவர். கோவையில் அறிவியல் பட்டம், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எம்சிஏ. 1987-ல் டாடாவின் ஐடி நிறுவனமான டிசிஎஸ்ஸில் சேர்ந்து, 2007-ல் தலைமைச் செயற்பாட்டு அதிகாரி, 2009-ல் தலைமை நிர்வாகி, 2017-ல் டாடா சன்ஸ் தலைவர். உள்ளே நுழைந்து முதன்மைப் பதவிக்கு வர 22 ஆண்டு. இப்போது அங்கே தலைமை நிர்வாகியாக இருக்கும் கே. கிருத்திவாசன் இயந்திரப் பொறியாளர், ஐஐடி கான்பூரில் முதுநிலை. 1989-ல் சேர்ந்தவர், 2023 ஜூனில் பொறுப்பேற்றார். அதற்கு முன்பு அவர் கையில் இருந்தது வங்கி, நிதி, காப்புறுதிப் பிரிவு. டிசிஎஸ்ஸின் வருமானத்தில் மிகப் பெரிய பிரிவு அதுதான். கன்சல்டிங் நிறுவனமான அக்சென்சரின் ஜூலி ஸ்வீட் தொழில்முறையில் வழக்கறிஞர். 2010-ல் சட்டத் தலைமையாக உள்ளே வந்து, 2015-ல் வட அமெரிக்கப் பிரிவை ஏற்று, 2019-ல் தலைமை நிர்வாகி ஆனார்.

மூவரில் யாரையும் எம்பிஏ தூக்கிவிடவில்லை. கிருத்திவாசனும் ஸ்வீட்டும் உச்சிக்கு முந்தின படியில் வருமானக் கணக்குள்ள ஒரு பிரிவை முழுதாகத் தங்கள் பொறுப்பில் வைத்திருந்தார்கள். உங்கள் அளவில் அதற்குச் சமமானது, "வடக்கு மண்டல உற்பத்தித் துறை வாடிக்கையாளர்கள்" என்ற ஒரு பட்டியலுக்கு நீங்கள் பொறுப்பாவது. எம்பிஏ-வுக்கு இரண்டு ஆண்டு வார இறுதிகளைக் கொடுப்பதைவிட அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குவதில் அந்த உழைப்பைப் போடலாம்.

பார்ட்னர் என்ற சொல்லும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தணிக்கை நிறுவனங்களின் மரபில் வந்த கன்சல்டிங்கில் பார்ட்னர் என்பவர் லாபத்தில் பங்காளி. அக்சென்சரே அந்த வேரிலிருந்து வந்ததுதான்: தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சனிலிருந்து 1989-ல் ஆண்டர்சன் கன்சல்டிங் எனத் தனிப்பிரிவானது, லாபப் பகிர்வுச் சண்டை 2000 ஆகஸ்டில் நடுவர் தீர்ப்பில் முடிந்தது, 2001 ஜனவரி 1-ல் புதுப்பெயர், அதே ஆண்டு ஜூலையில் பங்குச்சந்தை. அதன் பிறகு அங்கே மேல்நிலையில் இருப்பவர்கள் சம்பளமும் பங்கும் வாங்கும் ஊழியர்கள். நீங்கள் போகும் இடம் எந்த வகை என்று கேளுங்கள். உண்மையான கூட்டுப் பங்காளி என்றால் மூலதனம் போட வேண்டியிருக்கும். வருமானம் தொழில் வருமானமாகி, வருமான வரிக்குப் படிவம் பி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிபி500 வரித் தவணை என்று மாறும். முதலாளி தரும் 12 விழுக்காடு சேமநிதியும் நின்றுவிடும். பட்டம் ஏறியதும் கைக்கு வரும் பணம் முதல் ஆண்டில் குறைவதற்கு இதுதான் காரணம்.

செந்தூல்காரர்

வாசகி சொல்வதில் ஒரு திருத்தம் மட்டும். அந்த மூவரில் இருவர் ஒரே நிறுவனத்துக்குள்ளேயே வளர்ந்தவர்கள். உங்களைப் போல 11 ஆண்டுக்குப் பிறகு பக்கவாட்டில் நுழைகிறவருக்கு உள்ளே ஆள் பழக்கம் கிடையாது. முதல் 18 மாதத்தில் உங்களுக்காகப் பேச ஒரு பார்ட்னர் இல்லையென்றால் நல்ல எண்கள் இருந்தும் பெயர் பட்டியலில் ஏறாது. எம்பிஏ வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன்.

வங்கிக்கு இப்போது தாவ வேண்டாம். வங்கி வேலையில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப அபாய மேலாண்மைக் கொள்கை, எல்லோரும் ஆர்.எம்.ஐ.டி என்பது, 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. முக்கிய சிஸ்டம் ஒன்று வாடிக்கையாளரைப் பாதிக்கும்படி திட்டமிடாமல் நிற்கும் நேரம், எந்த 12 மாதத்தை எடுத்தாலும் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு தடவைக்கு 120 நிமிடம்தான். இது வங்கியின் கடமை என்றாலும் ஒப்பந்தத்தின் வழியாக உங்கள் தலையிலும் இறங்கும். அதில் தேர்ந்தவர்கள் கோலாலம்பூரில், அதாவது கேஎல்லில், நிறைய இருக்கிறார்கள், நீங்கள் அங்கே புதியவர்.

தொழிற்சாலைப் பக்கம் நிலைமை வேறு. எஸ்.ஏ.பி-யின் பழைய தலைமுறையான இசிசி-யில் புதிய தொகுப்புகளுக்கே வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது, கூடுதல் கட்டணம் கொடுத்தால் 2030 இறுதி வரை. 1972-ல் இன்டெல் வந்ததிலிருந்து வளர்ந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், அதன் புதிய தலைமுறையான எஸ்/4ஹானாவுக்கு மாற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆற்றோரம் சொன்ன ரீல் கணக்கு தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. முதல் மூன்று ஆண்டு அதை விட்டு நகராதீர்கள்.

ஜெலுத்தோங் அக்கா

கையெழுத்துப் போடும் முன் கடிதத்தில் இவற்றைப் பாருங்கள், தம்பி.

விலகல் அறிவிப்பு: ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாவிட்டால்தான் 1955 வேலைச் சட்டப்படி 4, 6, 8 வாரம், சேவைக் காலத்தைப் பொறுத்து. மேனேஜர் கடிதங்களில் வழக்கமாக 3 மாதம் இருக்கும். சோதனைக் காலத்தில் எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். போனஸ் வரியில் "வழங்கும் தேதியில் பணியில் இருக்க வேண்டும், விலகல் கடிதம் கொடுத்திருக்கக் கூடாது" என்று இருந்தால், எந்த மாதம் வழங்குகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

"விலகிய பின் 12 மாதம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது" என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. வேலையை விட்ட பிறகு இங்கே அது நிற்காது. ஆனால் ரகசியக் காப்பு நிற்கும். வாடிக்கையாளரின் விலைப்பட்டியல், திட்டக் கோப்புகளை சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வதுதான் பெரிய வழக்காக முடியும். இப்போதைய வேலையிலிருந்து கிளம்பும்போதும் இது பொருந்தும்.

கடைசியாகப் பயணம். பினாங்கு வாடிக்கையாளர்களைத்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் வேலையிடம் பினாங்கா கேஎல்லா என்று கடிதத்தில் இருக்க வேண்டும். கேஎல் என்று எழுதிவிட்டு வாரத்தில் நான்கு நாள் பாயான் லெப்பாஸில் உட்கார்ந்தால் தங்கும் செலவு அவர்களுடையது. பினாங்கு என்று எழுதிவிட்டு மாதக் கூட்டத்துக்கு கேஎல் வரச் சொன்னால் ரயிலா விமானமா என்பதும் முன்பே தெரிய வேண்டும். பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலுக்குச் சுமார் 4 மணி நேரம், தீவிலிருந்து ஃபெர்ரி பிடிக்கும் நேரம் தனி. அந்த நேரத்தை டைம்ஷீட்டில் எந்தக் குறியீட்டில் எழுதுவது என்று கேளுங்கள். வாடிக்கையாளர் கணக்கிலும் ஏற்றாமல், 220-லிருந்தும் கழிக்காமல் விட்டால், மாதம் இரண்டு பயணம், ஒவ்வொன்றுக்கும் போக அரைநாள் வர அரைநாள் என்று ஆண்டுக்கு 48 அரைநாள், அதாவது 24 வேலைநாள் உங்கள் 154-ஐ அடைய முடியாமல் இழுக்கும்.

பாயான்பாரு வாசி

கடிதத்தில் வேலையிடம் "கோலாலம்பூர் அல்லது நிறுவனம் தீர்மானிக்கும் இடம்" என்று இருக்கிறது, அக்கா. இதையும் 260 கேள்வியையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டு, பதில் எழுத்தில் வந்த பிறகுதான் கையெழுத்து. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.